சிட்டுவின் தலையில் நீ ஏற்றிய கூடை

மகனே,

நீ உன் தங்கச்சியைக் கொழுந்து மலைக்கு அனுப்பிவிட்டாய். அவளைக் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. சென்னையில் ஏ.சி. ஓடும் அறையில் உட்கார்ந்து, கண்ணாடிப் பலகையில் ஒரு குச்சியால் கோடு இழுத்து அனுப்பிவிட்டாய். மூன்று முறை போன் செய்தேன். முதல் முறை மீட்டிங் என்றாய். இரண்டாம் முறை பேசினாய், அதைப் பிறகு சொல்கிறேன். மூன்றாம் முறை எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதவும் இல்லை. நீ நம் வீட்டை ஊருக்கெல்லாம் காட்டினாய், நானும் ஊரெல்லாம் படிக்கிற மாதிரியே சொல்லிவிடுகிறேன். கங்காணியைப் பற்றி, ஒழுகும் கூரையைப் பற்றி, வராத ஆம்புலன்ஸைப் பற்றி இந்தத் தோட்டத்தில் போன மனுக்களில் பாதி நான் எழுதியவை. பத்தாவது வரை படித்த கைதான், ஆனால் பழகிய கை.

உன் கார்ட்டூனைப் பார்க்காதவர்களுக்காக அதையும் சொல்ல வேண்டும். பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் ஒரு குடும்பம். அம்மா பாக்கியம், கொழுந்து எடுப்பவள், வாய் ஓயாதவள். அப்பா ராசு, ஃபேக்டரிக்காரர், எதைத் தொட்டாலும் உடைப்பவர். மகன் பாபு கெட்டிக்காரன். மகள் சிட்டு வாலு. ‘மேனேஜர்’ என்று பேர் வைத்த ஒரு ஆடு. பேக்கரியில் புகுந்து வர்க்கி திருடும் ஒரு கரடி. மூன்று வருஷமாக மாதம் இரண்டு மூன்று கதை போட்டாய். அது நாம்தான் என்று முதல் நாளே இங்கே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் மஸ்டரில் என்னைப் பாக்கியம் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள், நானும் திரும்பிப் பார்த்தேன். கூரை ஒழுகுகிற கதையில் ராசு ஒவ்வொரு ஒழுக்குக்கும் ஒரு பாத்திரம் வைத்து அதில் மேளம் வாசித்தாரே, அன்று இங்கே நல்ல மழை. நான் நம் வீட்டில் நிஜமாகவே ஒரு போசியை ஒழுக்குக்கு நேராக வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து அதைப் பார்த்துச் சிரித்தேன். உன் அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்களைக் கோமாளியாக்கினாய் என்று நான் சொல்ல வரவில்லை. நாங்கள் கொஞ்சம் கோமாளிகள்தான்.

உன் கார்ட்டூனில் யாருக்கும் வயது ஏறுவதில்லை. மூன்று வருஷமாக சிட்டு ஏழாவதுதான் படித்தாள். பாக்கியத்துக்கு முழங்கால் வலி வரவே இல்லை. அது பார்க்க நன்றாக இருந்தது. பிறகு நூறாவது கதைக்கு ‘இருபது வருஷம் கழித்து’ என்று தலைப்பு போட்டாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளப் ஹாலில் பெரிய டிவியில் எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். உன் தங்கச்சி கோகிலா என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். டிவிக்கு வயர் இழுத்து, உன் படத்தை அதில் வர வைத்தவளே அவள்தான்.

நன்றாக ஆரம்பித்தாய். ராசு பாட்டரி போட்டு ஓடுகிற செருப்பு கண்டுபிடித்து அதிலும் வழுக்கி விழுகிறார். ஆட்டின் பேரன் நிஜமாகவே தோட்டத்து மேனேஜராகி, டை கட்டிக்கொண்டு லீவ் கேட்பவர்களிடம் ‘மே’ என்கிறது. ஹாலே குலுங்கியது. வர்க்கி திருடிய கரடி சொந்தமாக வர்க்கிக் கடை வைத்து வாசலில் ‘திருட்டு ஜாக்கிரதை’ என்று போர்டு மாட்டியிருக்கிறது. பாபு வெளிநாட்டில் ராக்கெட் விடுகிறான், பறக்கும் ஜீப்பில் லீவுக்கு வந்து இறங்குகிறான். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். கடைசியில் புல்லாங்குழலை ஊத விட்டாய். பனி. வளைந்து போகிற மலை. வயதான பாக்கியம் வாசலில் உட்கார்ந்து, பழைய கொழுந்துக் கூடையைத் தூக்கி சிட்டுவின் தலையில் மாட்டுகிறாள். ‘இது நம்ம குடும்பத்துச் சொத்து’ என்கிறாள். சிட்டு சிரித்துக்கொண்டே மலை ஏறிப் போகிறாள். அவ்வளவுதான் உன் கதை.

நான் என் ஆயுளில் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அதை நீ என் வாயில் வைத்தாய். இன்னொன்றும் கேள். இங்கே இப்போதே கூடை கிடையாது. கொழுந்து வெட்டக் கத்தரி வந்து எத்தனையோ வருஷமாகிறது, தோளில் மாட்டுவது பிளாஸ்டிக் பை. இது உனக்குத் தெரியாததா? ஜீப் பறக்கிற காலத்திலும் அவள் தலைக்கு மட்டும், நாங்களே விட்டொழித்த கூடையைத் தேடி எடுத்து மாட்டியிருக்கிறாய். கரடிக்குக் கூட ஒரு கடை கொடுத்தவன் நீ.

ஹாலில் சில பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். கோகிலா எழுந்து போய் வயரைச் சுருட்டினாள். அவள் டிப்ளமா முடித்து வீட்டில் இருந்த எட்டு மாதத்தில் இந்த லைனில் ஃபியூஸ் போனால் யாரும் ஆபீசுக்கு ஆள் அனுப்பியதில்லை, அவளைத்தான் கூப்பிட்டார்கள். பைக்காரா பவர் ஹவுஸில் ஒரு வருஷ அப்ரண்டிஸ் வேலைக்கு அவளுக்குக் கடிதம் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. அந்தக் கடிதத்தை அவள் எத்தனை முறை எடுத்துப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். டர்பைன் எவ்வளவு பெரியது என்று கையை விரித்துக் காட்டுவாள், வீட்டின் அகலம் போதாது.

அவள் போவதில் ஒரு சிக்கல் இருந்தது, அது உனக்கும் தெரிந்த சிக்கல். தோட்டத்தில் வேலைக்குச் சேர்வதைப் பேர் கொடுப்பது என்போம். வீட்டில் ஒருவர் பேராவது தோட்டத்துப் பதிவில் இருந்தால்தான் லைன் வீடு நமக்கு. உன் அப்பாவுக்குப் பேர் நின்று இரண்டு வருஷமாகிறது. எனக்கு வயது முடிந்து அடுத்த மாதக் கடைசியில் நிற்கிறது. அதற்குள் பிள்ளைகளில் ஒருத்தர் பேர் கொடுக்காவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நீயும் கோகிலாவும் பிறந்த வீடு. எனக்குக் கல்யாணம் ஆனதும் அதே வீட்டில்தான். இத்தனை வருஷம் சுண்ணாம்பு அடித்தாலும், கொல்லையில் பட்டர்பீன்ஸ் போட்டாலும், அது தோட்டத்து வீடு. இதைப் பற்றி நாங்கள் மூன்று பேரும் பேசாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தோம்.

நீ பேசிவிட்டாய். திங்கட்கிழமை கொழுந்து நிறுக்கிற இடத்தில் சூப்பர்வைசர் என்னை நிறுத்தினான். குன்னூர்ப் பக்கத்துப் பையன், மரியாதையானவன், கெட்டவன் இல்லை. “ஏனுங்கக்கா, உங்க பையனே படம் போட்டுக் காட்டிப்போட்டானே. பொறவு என்னத்துக்கு யோசிக்கறீங்க? பாப்பாவை ஆபீசுக்குக் கூட்டியாங்க, பேரைப் பதிஞ்சு போடலாம். ஊடும் உங்களுக்கே நிக்கும்” என்றான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி, ‘வாங்க சிட்டு அம்மா’ என்று பாடினாள். தோட்டத்தில் இப்போது ஆள் இல்லை, மகனே. இளசுகள் எல்லாம் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள். ஒரு இளம் பெண்ணைப் பிடித்து நிறுத்த ஆபீஸ் எத்தனையோ விதமாகப் பார்த்தது. உன் ஏழு நிமிஷப் படம் அவர்களுக்கு நல்ல ஒத்தாசை.

வீட்டுக்கு வந்தால் உன் அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டார். நேராகச் சொல்ல மாட்டார், உனக்குத் தெரியும். சுவரைப் பார்த்துச் சொன்னார், படித்த பையன் நாலையும் யோசிக்காமல் படம் போடுவானா என்று. கோகிலா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து, “நான் பேர் கொடுத்துர்றேன்மா. அண்ணனே நான் இங்கதான்னு முடிவு பண்ணிருச்சு, நீங்க ஏன் கெடந்து அடிச்சிக்கிறீங்க” என்றாள். அழுதிருந்தால் நான் தேற்றியிருப்பேன். பருப்புக்கு உப்பு போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள். பைக்காராக் கடிதத்தை எடுத்து உன் பழைய புத்தகப் பெட்டிக்குள், அடியில், வைத்து மூடினாள்.

அன்றுதான் உனக்கு இரண்டாம் முறை போன் செய்தேன். நாம் பேசியதை அப்படியே எழுதுகிறேன், இல்லை என்றால் நீயும் ஊருக்குச் சொல்.

“அம்மா, அது உங்களுக்கு நான் செய்ற மரியாதைம்மா. அந்த சீன்லதான் எல்லாரும் அழுதாங்க.”

“யாரு அழுதா?”

“பாக்குறவங்க. கீழ கமெண்ட்ல பாருங்க.”

“இங்க ஒருத்தி அழாம நிக்கிறா. அவளப் பாரு மகன்.”

நீ சிரித்தாய். அது கற்பனை என்றாய். கற்பனை என்றால் பாபுவுக்கு ராக்கெட்டு, இவளுக்கு மட்டும் எதற்கு நிஜம் என்று கேட்டேன். பிறகு, “அவளுக்கு என்ன வைக்கிறதுன்னு தெரியலம்மா, டைமும் இல்ல” என்றாய். அவள் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்டேன். “ஏதோ டிப்ளமா தானே” என்றாய். ஒரே வீட்டில், ஒரே போர்வைக்குள் வளர்ந்த தங்கச்சி. மூன்று வருஷமாக அவள் நடக்கிற நடை, மூக்கைச் சுளிக்கிற சுளிப்பு எல்லாவற்றையும் வரைந்து பிழைக்கிறாய். ஏதோ டிப்ளமா.

இனி என் பங்கைச் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் உன்னைத் திட்டினால் அது யோக்கியம் இல்லை. சிட்டு கூடையோடு மலை ஏறுகிற அந்தப் படம் உனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று எனக்குத் தெரியும். கோகிலா ஒன்பதாவது படிக்கும்போது, நீ கோயம்புத்தூரில் காலேஜில் முதல் வருஷம். மழைக்குப் பிறகு கொழுந்து பொங்கிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் மலைக்குப் போனோம், அதற்குத் தனியாகக் கைக்காசு. உனக்கு அனுப்ப எனக்கு அது வேண்டியிருந்தது. என் ஒரு ஜோடிக் கை போதவில்லை. சின்னப் பிள்ளை மலையில் நிற்கக் கூடாது, கண்டால் வம்பு, அதனால் மேல் மூலையில் பனி மறைக்கிற இடமாகப் பார்த்து அவளை நிறுத்தினேன். அவள் எடுத்ததை என் பேரில் எடை போட்டேன். நனையாமல் இருக்க இடுப்பில் கட்டுகிற படங்குத் தாள் அவளுக்குக் கணுக்கால் வரை இறங்கியது, இரண்டாக மடித்துக் கட்டிவிட்டேன். இரட்டைப் பின்னலில் பள்ளிக்கூட நீல ரிப்பன் அப்படியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் போதாமல் திங்கட்கிழமையும் இரண்டொரு முறை நிறுத்திவைத்தேன். காய்ச்சல் என்று டீச்சருக்கு லீவ் லெட்டர் எழுதினேன். நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

நீ லீவுக்கு வந்தபோது அதைப் போனில் படம் பிடித்தாய். அழகாக இருக்கிறது என்றாய். நான், “அதை எதுக்குப் புடிக்கிற, அழி” என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கோகிலாவைக் கொஞ்சம் சிரிக்கச் சொன்னேன். அவள் சிரித்தாள். உன் கார்ட்டூனில் சிட்டுவின் பின்னலில் நீல ரிப்பன் இருக்கிறது, முப்பது வயதுப் பெண்ணுக்கு நீல ரிப்பன். முதலில் அவளை அங்கே நிறுத்தியவள் நான். அதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், இப்போது எல்லார் முன்னாலும் கேட்கிறேன். ஆனால் நான் பசியில் செய்ததை நீ புல்லாங்குழலோடு செய்திருக்கிறாய். நான் செய்ததை மறைத்துச் செய்தேன், அசிங்கம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நீ அதை அழகு என்று நூறாவது கதையில் வைத்தாய்.

புதன்கிழமை காலை ஆபீசுக்குப் போனேன். என் வீட்டிலிருந்து யாரும் பேர் கொடுக்கப் போவதில்லை, என் பேர் நின்ற பிறகு கொடுக்கிற தவணைக்குள் வீட்டைக் காலி செய்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கிளார்க் இரண்டு முறை படித்தார். “யோசிச்சு எழுதுனீங்களா?” என்றார். யோசிக்காமல்தான் இவ்வளவு நாள் இருந்தேன் என்றேன். இறங்கி வரும்போது கால் லேசாக இருந்தது. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

உன் அப்பா அன்றிலிருந்து நான்கு நாள் என்னோடு பேசவில்லை. அது நான் எதிர்பார்த்ததுதான். கோகிலா குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உங்க ரெண்டு பேருக்கும் என்னாம்மா வித்தியாசம்? அண்ணன் என்னையக் கேக்காம கூடையக் குடுத்துச்சு. நீ என்னையக் கேக்காம கூடையப் புடுங்கிட்ட. எம் பேரப் பத்தி எழுதிக் குடுத்துருக்க. அதுல எங் கையெழுத்து எங்க?”

சின்ன வயதில் நீ அரிசி மூட்டைமேல் ஏறி நின்று என்னிடம் இப்படிக் கேள்வி கேட்பாய், எனக்குப் பெருமையாக இருக்கும். இவள் கேட்டதே இல்லை. கேட்க நான் விட்டதில்லை. தண்ணிக் குழாயில் வரிசை பிடிக்க, விறகு பொறுக்க, ரேஷனுக்கு நிற்க, எல்லாவற்றுக்கும் இவளைத்தான் ஏவினேன். உன்னைப் படிக்கச் சொன்னேன். அதனால் சனிக்கிழமை உட்கார்ந்து, ஒரு பெரிய மனுஷியிடம் கேட்பது போல, “நீ என்னா நெனைக்கிற? சொல்லு, அதுதான் நடக்கும்” என்று கேட்டேன். நாளைக்குச் சொல்கிறேன் என்றாள். ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொண்டாள். அந்த ஒரு நாள் நான் அவளிடம் எதுவும் பேசாமல் இருக்க என்ன பாடுபட்டேன் என்பது உன் அப்பாவுக்குத் தெரியும்.

மறுநாள் சாயங்காலம் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டே சொன்னாள். பைக்காராவுக்குப் போகிறாளாம். கூடலூரில் ஒரு அறை வாடகைக்குப் பார்க்கலாம், மூன்று பேரும் அங்கேயே இருக்கலாம், அங்கிருந்து அவளுக்குப் பஸ் இருக்கிறது, ஒரே அறை என்றாலும் கூரை ஒழுகாததாகப் பார்க்க வேண்டும் என்றாள். எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். பிறகு உன் அப்பாவின் வேட்டியை உதறி மடித்தபடி, சிரித்துக்கொண்டே சொன்னாள்:

“இந்த வீடு அவ்ளோ வேணும்னா அண்ணனப் பேர் குடுக்கச் சொல்லுங்க. அதுக்கும் ரெண்டு கை இருக்குல்ல.”

உன் அப்பா வாசலிலிருந்து கேட்டார். நான்கு நாள் கழித்து அப்போதுதான் வாயைத் திறந்தார். “அவனா? அவன் எப்படிடீ?” என்றார். சொல்லிவிட்டு அவரே நின்றுவிட்டார். கோகிலா துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஏனென்றால், மகனே, இத்தனை நாளில் உன் பேரை யாரும் எடுக்கவே இல்லை. சூப்பர்வைசர் எடுக்கவில்லை. கிளார்க் எடுக்கவில்லை. உன் அப்பா சுவரைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. நான் எழுதிக் கொடுத்த தாளில் ‘யாரும்’ என்று எழுதும்போதும் என் மனசில் இருந்தது அவள் ஒருத்திதான். பிள்ளைகளில் ஒருத்தர் என்பதுதான் சட்டம். நமக்கு இரண்டு பிள்ளைகள். உனக்கு இருபத்தைந்து வயது, முதுகு நேராக இருக்கிறது, மூச்சு வாங்குவதில்லை. என் அம்மா இலங்கையில் ஒரு தோட்டத்தில் பேர் கொடுத்தாள், கப்பலில் வந்து இறங்கி இங்கே மறுபடியும் கொடுத்தாள். அவளுக்குப் பேர் நின்ற மாதம் வீட்டுக்காக என் பேரைக் கொடுத்தார்கள். நான் அப்போது பால்வாடி டீச்சர் வேலைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்தேன். என் தம்பி எனக்கு ஒரு வயது இளையவன், நல்ல பலசாலி. அவன் திருப்பூருக்குப் பஸ் ஏறினான். அவன் பேரையும் யாரும் எடுக்கவில்லை. எனக்கே அது இப்போதுதான் உறைக்கிறது, இந்த வயதில்.

வேலையை விட்டுவிட்டு வந்து கத்தரி பிடி என்று நான் உன்னைக் கூப்பிடவில்லை. நீ வந்தாலும் விட மாட்டேன். இந்த வீடு போகிறது, போகட்டும். அடுத்த மாதம் நாங்கள் சாமான் ஏற்றும்போது நீ வந்தால் பீரோ தூக்க ஆள் ஆகும், வராவிட்டாலும் ஏற்றிவிடுவோம். புத்தி சொல்கிற கடிதமும் இல்லை இது. ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். மற்றவர்களுடைய நாளையை வரையப் போகிறாய் என்றால், முதலில் அவர்களிடம் போய்க் கேள். கேட்க நேரமில்லை என்றால் கரடியை மட்டும் வரை.

ஆனால் நீ எனக்கு ஒன்று செய்தாக வேண்டும். நூற்றொன்றாவது கதையில் அதே ‘இருபது வருஷம் கழித்து’ என்று போடு. அதே மலை, அதே பனி. சிட்டுவை எடுத்துவிடு. அவள் எங்கே போனாள் என்று நீ காட்ட வேண்டாம், அது அவள் பாடு. அந்த இடத்தில் பாபுவை நிறுத்து. அவன் இடுப்பில் படங்குத் தாளைக் கட்டு. தோளில் பையை மாட்டி, கையில் கத்தரியைக் கொடு. நெஞ்சு உயரச் செடிக்குள் மழையில் நிற்க வை, அட்டை கடிக்கட்டும். பின்னால் அதே புல்லாங்குழலை ஊத விடு. பாக்கியம் அவனைப் பார்த்து, இது நம்ம குடும்பத்துச் சொத்து என்று சொல்லட்டும். அவனையும் சிரித்துக்கொண்டே மலை ஏற வை.

அதை வரைந்து எனக்கு அனுப்பு. பார்க்கிறவர்கள் அழுகிறார்களா என்று அப்போது சொல்.

அம்மா